நம் டவரில் ஆள் வேண்டும்: சனிக்கிழமைப் பைலட்டுகளுக்கு ஒரு திறந்த மடல்

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களிலிருந்தும், இங்கிருந்து பிழைப்புக்காகப் பெங்களூருக்குக் குடிபோன வீடுகளிலிருந்தும் சனிக்கிழமை இரவுதோறும் நம் குழுவில் கணினித் திரையில் விமானம் ஓட்டும் அன்புத் தோழர்களுக்கு,

வணக்கம்.

சென்ற மாதம் இரண்டாவது சனிக்கிழமை நடந்தது உங்களில் பலருக்குத் தெரிந்திருக்காது. பெங்களூரிலிருந்து சேலத்துக்குக் கூட்டுப் பறப்பு. இரவு ஒன்பது மணி, விமானிகள் பின்பற்றும் உலகப் பொது நேரத்தில் 15:30. கோடை மழையில் பாலக்கோட்டுப் பக்கம் மின்சாரம் போனது. பெங்களூரில் விமானங்களுக்கு ரேடியோவில் அனுமதியும் வழியும் சொல்லும் கட்டுப்பாட்டு மேசைகள் எல்லாவற்றையும் தனியாளாகப் பார்த்துக்கொண்டிருந்த நம் கல்லூரித் தம்பி, கணினியும் இணைப்பும் அணைந்து காணாமல் போனான். சேலம் டவரில் இருந்த நான் வானத்தில் இருந்தவர்களை எல்லாம் என் பக்கம் வாங்கிக்கொண்டேன். பதினொரு விமானங்கள். ஒருவர் பின் ஒருவராக இறக்கி முடிக்கும்போது மணி பத்தரை. நன்றாக இருந்தது என்று எழுதிவிட்டு எல்லோரும் விடைபெற்றீர்கள். நானும் தூங்கப் போய்விட்டேன்.

மறுநாள் காலை சர்வர் பதிவைப் பார்த்தபோதுதான் தெரிந்தது. பெங்களூரு நிறுத்துமிடத்தில் ஒரு விமானம் நாற்பது நிமிடம் அசையாமல் நின்றுவிட்டு, இணைப்பைத் துண்டித்துக்கொண்டு போயிருக்கிறது. நம்முடைய ரேடியோ அமைப்பு உண்மையான வானொலியைப் போலத் தூரக் கணக்குப் பார்ப்பது. பெங்களூரில் தரையில் நிற்பவன் கூப்பிட்டால் சேலத்தில் இருப்பவன் காதில் விழாது. அந்த விமானத்தை ஓட்டியவன் ஊத்தங்கரைப் பக்கத்துப் பத்தாம் வகுப்புப் பையன். முதல் பறப்பு. நான் தொலைபேசியில் அழைத்துக் கேட்டேன். அவன் சொன்னது இது: “மூன்று முறை கூப்பிட்டேன் அண்ணா. ஏதோ தப்பாகச் சொல்லிவிட்டேன் போலிருக்கிறது, அதனால்தான் யாரும் பதில் சொல்லவில்லை. இன்னும் நன்றாகப் படித்துவிட்டு வருகிறேன்.”

அவன் ஒரு தப்பும் செய்யவில்லை. பதில் சொல்ல நம் பக்கத்தில் ஆள் இல்லை, அவ்வளவுதான். ஆனால் புதிதாக வருகிறவன் அப்படி நினைப்பதில்லை. எதிர்முனை மௌனமாக இருந்தால் குற்றம் தன்னுடையது என்றே எடுத்துக்கொள்கிறான். அன்றிலிருந்து என் மனத்தை அரித்துக்கொண்டிருக்கும் இந்த ஒரு விஷயத்தை உங்கள் எல்லோரிடமும் நேராகச் சொல்லிவிட வேண்டும் என்றுதான் இந்த மடலை எழுதுகிறேன். நம் குழுவில் பறக்க ஆள் நிறைய இருக்கிறார்கள். டவரில் உட்கார ஆள் இல்லை.

ஒரு சனிக்கிழமை இரவு எப்படி உருவாகிறது என்பதை முதலில் சொல்கிறேன். நாம் ஓட்டும் ஃப்ளைட்கியர் காசில்லாமல் கிடைக்கும் மென்பொருள். 1990களின் பிற்பகுதியிலிருந்து உலகம் முழுவதும் உள்ள தன்னார்வலர்கள் எழுதி, திருத்தி, பகிர்ந்து வளர்த்தது. அரசு கொடுத்த பழைய விலையில்லா மடிக்கணினியிலும் படத்தின் தரத்தைக் குறைத்துவைத்து நம் பிள்ளைகள் ஓட்டுகிறார்களே, அதற்கு அந்த முகம் தெரியாத மனிதர்களே காரணம். அந்த மென்பொருளில் நாம் எல்லோரும் ஒரே வானத்தில் ஒருவரை ஒருவர் பார்க்க வேண்டுமானால் ஒரு சர்வர் வேண்டும். அதை ஓசூரில் இயந்திரப் பராமரிப்பு வேலை பார்க்கும் நம் அண்ணன் ஒருவர் கவனித்துக்கொள்கிறார். வாரம் முழுக்க ஆலையில் பழுது பார்த்துவிட்டு, வெள்ளிக்கிழமை இரவு நமக்காக இன்னொரு பழுது பார்க்கிறார். மாத வாடகையில் நாம் சேர்த்துக் கொடுத்தது போகக் குறைகிற தொகையை யாரிடமும் சொல்லாமல் அவரே போட்டுவிடுகிறார் என்பது கணக்கைப் பார்த்தபிறகுதான் எனக்கே தெரிந்தது.

யார் எந்த மேசையில் என்று அட்டவணை போடுவது தருமபுரியில் ஜெராக்ஸ் கடை நடத்தும் அக்கா. புதன்கிழமை முதல் ஒவ்வொருவராகக் கூப்பிட்டுக் கேட்பார். நீங்களும் அவர் குரலைக் கேட்டிருப்பீர்கள். “இந்த வாரம் முடியாது அக்கா, அடுத்த வாரம் பார்க்கலாம்” என்று சொல்லியிருப்பீர்கள். ஒரே வாரத்தில் பதினாறு பேர் அவரிடம் அதையே சொன்னார்கள். அந்தப் பதினாறு பேரும் சனிக்கிழமை பறக்க வந்திருந்தார்கள்.

வரைபட வேலையைச் செய்வது அரூரைச் சேர்ந்த ஒரு கல்லூரி மாணவி. சேலம் ஓடுபாதையின் நீளம் 1,806 மீட்டர், திசை எண்கள் 04, 22. இவை போன்ற விவரங்களை இந்திய விமான நிலைய ஆணையம் வெளியிடும் ஆவணங்களோடு ஒப்பிட்டு, தமிழில் விளக்கம் எழுதி, ஒவ்வொரு தாளிலும் ‘உண்மைப் பறப்புக்கு அல்ல’ என்று அச்சிட்டு உங்களுக்கு அனுப்புகிறார். ஓர் எண்ணுக்கு ஏன் இவ்வளவு பார்க்க வேண்டும் என்று ஒருமுறை ஒருவர் அவரிடம் கேட்டார். 2020 ஆகஸ்டில் மைக்ரோசாஃப்டின் புதிய பறப்பு விளையாட்டு வெளியானபோது மெல்போர்ன் புறநகரில் சாதாரண வீடுகளுக்கு நடுவே 212 மாடிக் கட்டடம் ஒன்று ஊசிபோல நின்றது. தன்னார்வலர்கள் சேர்ந்து வரையும் ‘ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்’ இணைய வரைபடத்தில் யாரோ ஒருவர் 2 என்று அடிக்க வேண்டிய இடத்தில் 212 என்று அடித்துவிட்டார். விளையாட்டு அதை அப்படியே நம்பிக் கட்டடத்தை எழுப்பிவிட்டது. கூலி வாங்காமல் செய்கிற வேலையிலும் கவனம் குறைந்தால் இப்படித்தான் ஆகும். அந்தப் பெண் எண்களை மூன்று முறை சரிபார்ப்பது அதனால்தான்.

இவர்களோடு நானும், மின்சாரம் போன அந்தத் தம்பியும். மொத்தம் ஐந்து பேர். ஊர் கூடித் தேர் இழுக்க வேண்டும் என்பார்கள். இங்கே ஐந்து பேர் வடம் பிடிக்கிறோம், ஊர் தேரின் மேலே உட்கார்ந்திருக்கிறது. கடுமையாகச் சொல்கிறேன் என்று தோன்றினால் பொறுத்துக்கொள்ளுங்கள். இதைவிட மென்மையாகச் சொல்லி இரண்டு ஆண்டு பார்த்துவிட்டேன்.

டவர் வேலையில் என்ன இருக்கிறது, பைலட்டாக இருப்பதுதானே பெருமை என்று உங்களில் சிலர் நினைக்கிறீர்கள். பெங்களூரிலிருந்து சேலத்துக்கு வானத்தில் நேர்கோடு போட்டுப் பாருங்கள். ஏறக்குறைய 160 கிலோமீட்டர். அந்தக் கோடு ஓசூர் மேலே போகும், தேன்கனிக்கோட்டைக்கும் இராயக்கோட்டைக்கும் நடுவில் இறங்கும், பென்னாகரத்துக்கும் தருமபுரிக்கும் இடையில் நழுவித் தொப்பூரைத் தாண்டும். நம் இரண்டு மாவட்டங்களின் முதுகெலும்பின் மேலேயே ஓடுகிற பாதை அது. பெங்களூரு விமான நிலையம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 3,000 அடி உயரத்தில் இருக்கிறது, சேலம் சுமார் 1,000 அடியில். தொப்பூர் கணவாயில் லாரிகள் பிரேக் பிடித்துக்கொண்டு இறங்குகிற அதே இறக்கத்தைத்தான் விமானமும் இறங்க வேண்டும். சேலத்துக்குப் பக்கத்திலேயே சேர்வராயன் மலை 5,000 அடிக்கு மேல் எழுந்து நிற்கிறது. இருட்டில் ஒருவரைத் தவறான பக்கம் திருப்பிவிட்டு 3,000 அடிக்கு இறங்கச் சொன்னால் அவர் மலையில்தான் இறங்குவார். பைலட்டாகப் பறக்கும்போது இந்த நிலம் உங்கள் ஜன்னலில் கடந்து போகும். டவரில் உட்கார்ந்தால் முழு நிலத்தையும் ஒரே நேரத்தில் மனத்தில் வைத்திருக்க வேண்டும். பள்ளிப் புவியியலில் நான் கற்காத தருமபுரியை ரேடார் திரைதான் எனக்குக் கற்றுக்கொடுத்தது.

திருப்பிச் சொல்லும் வழக்கத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதிகமாகக் கோபம் வருவது இதில்தான். டவர் சொன்னதைப் பைலட் அப்படியே திருப்பிச் சொல்ல வேண்டும். திருப்பிச் சொன்னது சரியா என்று டவர் கேட்க வேண்டும். “சரி, புரிந்தது” என்று முடித்துக்கொண்டால் நான் விடுவதில்லை. விளையாட்டில் எதற்கு இவ்வளவு கெடுபிடி என்று சிலர் சலித்துக்கொள்கிறீர்கள். 1977 மார்ச் 27 அன்று கேனரித் தீவுகளில் உள்ள தெனெரீஃப்பில், மூடுபனியில், இரண்டு ஜம்போ விமானங்கள் ஒரே ஓடுபாதையில் மோதி 583 பேர் இறந்தார்கள். தனக்கு அனுமதி கிடைத்துவிட்டது என்று ஒரு பைலட் நினைத்துக்கொண்டார், கிடைக்கவில்லை. அதன்பிறகுதான் ‘டேக்-ஆஃப்’ என்ற சொல்லை உண்மையாகவே கிளம்ப அனுமதி தரும்போதும் அந்த அனுமதியைத் திரும்பப் பெறும்போதும் மட்டுமே பயன்படுத்த வேண்டும், மற்ற நேரத்தில் ‘டிபார்ச்சர்’ என்றுதான் சொல்ல வேண்டும் என்ற வழக்கம் வந்தது. நம் நாட்டிலேயே, 1996 நவம்பர் 12 அன்று, ஹரியாணாவின் சர்க்கி தாத்ரி மேலே சவூதி விமானமும் கஜகஸ்தான் விமானமும் மோதி 349 உயிர்கள் போயின. கஜகஸ்தான் விமானம் 15,000 அடிக்குக் கீழே வந்திருக்கக் கூடாது. வந்துவிட்டது. நாம் சனிக்கிழமை இரவு பழகுகிற ஒவ்வொரு சொல்லுக்குப் பின்னாலும் இப்படி யாரோ செத்திருக்கிறார்கள். அதனால்தான் அதை நான் விளையாட்டாக எடுத்துக்கொள்வதில்லை. ரேடாரில் விமானத்தை அடையாளம் காட்டும் நான்கு இலக்க எண்களில், கடத்தல் நடந்தால் மட்டும் போடும் 7500 என்ற எண்ணைச் சும்மா போட்டுப் பார்த்த தம்பியை நான் அன்று வெளியே அனுப்பியதும் இதே காரணத்தால்தான்.

இனி நீங்கள் சொல்லும் காரணங்களுக்கு வருகிறேன். அதிகம் கேட்பது, “எனக்கு இங்கிலீஷ் வராது.” இதைச் சொல்லும்போது உங்கள் குரல் தாழ்வதை நான் கவனித்திருக்கிறேன். நானும் தமிழ்வழியில் படித்தவன். முதல்முறை மைக்கை அழுத்தியபோது என் விமானத்தின் பெயரே எனக்கு வாயில் வரவில்லை. ஆனால் வானத்தின் ஆங்கிலம் நாம் பயப்படுகிற ஆங்கிலம் அல்ல. நூற்றைம்பது, இருநூறு சொற்றொடர்களைத் தெரிந்துகொண்டால் நம் சனிக்கிழமை இரவை ஓட்டிவிடலாம். அதற்கு இலக்கணமும் வேண்டாம், நுனிநாக்கும் வேண்டாம். மூன்று என்பதற்கு அங்கே ‘த்ரீ’ கிடையாது, ‘ட்ரீ’. ஐந்துக்கு ‘ஃபைஃப்’, ஒன்பதுக்கு ‘நைனர்’. எல்லா நாட்டு நாக்குக்கும் வர வேண்டும், இரைச்சலிலும் புரிய வேண்டும் என்பதற்காக ஆங்கிலத்தையே வளைத்து வைத்திருக்கிறார்கள். வகுப்பில் ‘ட்ரீ’ என்றதற்குச் சிரிப்பு வாங்கிய பிள்ளை இங்கே அப்படித்தான் சொல்ல வேண்டும். நம் பாடத்தாள்கள் தமிழில் இருக்கின்றன. ஓசூர்ப் பக்கத்துப் பிள்ளைகளுக்குத் தெலுங்கிலும் கன்னடத்திலும் வாய்மொழியாக விளக்க ஆள் வந்தால் இன்னும் நல்லது.

“நேரமில்லை” என்பது இரண்டாவது. இது உண்மையான காரணம்தான், மறுக்க மாட்டேன். ஷிஃப்ட் வேலை, பரீட்சை, வயலில் தண்ணீர் முறை, பிள்ளைக்குக் காய்ச்சல். ஆனால் பறப்பதற்கு ஒதுக்குகிற இரண்டு மணி நேரத்தில், மாதத்துக்கு ஒருமுறை மட்டும், அதே நாற்காலியில் அதே ஹெட்செட்டோடு உட்கார்ந்து டவர் பாருங்கள் என்றுதான் கேட்கிறேன். கூடுதலாக ஒரு நிமிடமும் கேட்கவில்லை. பயிற்சிக்கு மட்டும் நான்கு புதன்கிழமை மாலைகள் தேவைப்படும்.

மூன்றாவது காரணத்தை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. தப்பாகிவிடுமோ என்ற பயம். இதில் பிழை எங்களுடையது. டவர் வேலையை நாங்கள் ஐந்து பேரும் ஏதோ கருவறைபோல ஆக்கிவிட்டோம். புதிதாக உட்கார்ந்தவர் தடுமாறியபோது பொறுமையாக விட்டுவைக்காமல் மைக்கை நானே பிடுங்கிப் பேசியிருக்கிறேன். அப்படிப் பிடுங்கியதில் இரண்டு பேர் திரும்பி வரவே இல்லை. அவர்கள் இதைப் படித்தால், நான் செய்தது தவறு. மன்னிக்க வேண்டும். இனிமேல் புதியவர் உட்காரும் முதல் இடம், கிளம்பும் முன் பறப்புக்கு அனுமதி சொல்லும் கிளியரன்ஸ் மேசை மட்டும்தான். அங்கே விமானங்கள் எதுவும் நகராது. கூப்பிட்டால் பதில் சொல்ல வேண்டும். போகும் இடம், முதல் உயரம், நான்கு இலக்க எண், திருப்பிச் சொல்வதைக் கேட்பது, முடிந்தது. அங்கே தவறினால் திருத்திக்கொள்ளலாம், யாரும் மலையில் மோத மாட்டார்கள். அதில் கை பழகியபிறகு தரைக் கட்டுப்பாடு, அதன்பிறகு டவர், கடைசியில் ரேடார். பக்கத்தில் ஒருவர் கேட்டுக்கொண்டே இருப்பார், பேச மாட்டார். நீங்கள் கேட்டால் மட்டும் பேசுவார்.

கணினியில் விமானம் ஓட்டுபவர்களை இணையத்தில் இணைக்கும் வாட்சிம் என்ற உலக வலையமைப்பை உங்களில் பலர் அறிவீர்கள். 2001இல் தொடங்கியது. கட்டணம் இல்லை, 13 வயது நிரம்பியிருந்தால் போதும். மைக்ரோசாஃப்ட், எக்ஸ்-பிளேன் பறப்பு மென்பொருள்களை வைத்திருக்கும் நம் ஆட்கள் சிலர் இங்கே பழகிவிட்டு அங்கே பறக்கிறார்கள். அங்கேயும் டவரில் இருப்பவர்கள் சம்பளக்காரர்கள் அல்லர். படிப்படியாகத் தேர்வு எழுதி மேலே வந்த தன்னார்வலர்கள், அவர்களுக்குக் கற்றுக்கொடுத்தவர்களும் தன்னார்வலர்கள். யாருமே உட்காரவில்லை என்றால் பைலட்டுகள் 122.8 என்ற பொது அலைவரிசையில் தங்கள் நகர்வைத் தாங்களே சொல்லிக்கொண்டு பறப்பார்கள். நாமும் அப்படியே பறக்கலாமே என்று ஒருவர் கேட்டிருந்தார். பழகியவர்களுக்கு அது சரி. ஊத்தங்கரைப் பையன் யாரோடு பழகுவான்?

பெற்றோர் சிலர் இதைப் படிக்கக்கூடும், அவர்களுக்காகவும் ஒன்று. நம்மிடம் ஓட்டும் மணி நேரங்கள் எந்த உரிமத்துக்கும் கணக்கில் சேராது. வணிக விமானி உரிமத்துக்கு உண்மையான வானத்தில் 200 மணி நேரம் ஓட்ட வேண்டும், அதற்கான செலவு நம்மில் பெரும்பாலோருக்கு எட்டாதது. இதை மறைத்துப் பிள்ளைகளுக்கு ஆசை காட்ட மாட்டோம். ஆனால் விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டாளர் வேலை வேறு. இயற்பியலும் கணிதமும் படித்த பி.எஸ்சி. பட்டதாரியோ பொறியியல் பட்டதாரியோ விமான நிலைய ஆணையத்தின் தேர்வு எழுதலாம். தேர்ந்தால் பயிற்சியை ஆணையமே தருகிறது, பிரயாக்ராஜில் அதற்கென்றே கல்லூரி இருக்கிறது. இப்படி ஒரு வேலை இருப்பதே நம் மாவட்டங்களில் எத்தனை பிள்ளைகளுக்குத் தெரியும்? 2024 ஜூனில் ஓசூருக்கு விமான நிலையம் வரும் என்று முதலமைச்சர் சட்டமன்றத்தில் அறிவித்தார். 2,000 ஏக்கரில், ஆண்டுக்கு மூன்று கோடிப் பயணிகளைக் கையாளும் அளவுக்கு. அது வரும்போது வரட்டும். டவர் என்றால் என்ன, அங்கே இருப்பவர் என்ன பேசுவார் என்று தெரிந்த பிள்ளைகள் அதற்கு முன்னால் இங்கே இருக்க வேண்டும் என்று நான் ஆசைப்படுகிறேன். விமானம் ஓட்டத் தெரிந்த பிள்ளைகளை மட்டும் உருவாக்கிக்கொண்டிருந்தால் இந்த ஆசை நிறைவேறாது.

அவசரத்துக்குக் காரணமும் இருக்கிறது. நான் காவேரிப்பட்டினம் பக்கத்தில் ஒரு மாங்கூழ் ஆலையில் கணக்கு எழுதுகிறேன். இன்னும் சில வாரங்களில் பெங்களூரா மாங்காய் வரத்து தொடங்கிவிடும். டிராக்டர்கள் விடிய விடிய வரிசையில் நிற்கும், எனக்கு இரவு வேலை. சீசன் முடியும்வரை சனிக்கிழமைகளில் நான் இருக்க மாட்டேன். பாலக்கோட்டுத் தம்பிக்குச் செமஸ்டர் தேர்வு. மீதி மூன்று பேரில் டவர் பார்க்கக்கூடியவர் ஒருவர்தான். சென்ற ஆண்டு இதே மாதங்களில் நாம் பறப்பையே நிறுத்திவைத்தோம். திரும்பத் தொடங்கியபோது பாதிப் பிள்ளைகள் வரவில்லை. இந்த ஆண்டும் நிறுத்த எனக்கு மனம் ஒப்பவில்லை.

எனவே கேட்கிறேன். மாதம் ஒரு சனிக்கிழமை டவர் பார்க்கிறேன் என்று எட்டுப் பேர் அக்காவிடம் பெயர் கொடுங்கள். டவர் வேண்டாம் என்றால் பறப்புப் பதிவுகளைச் சரிபார்க்கும் வேலை இருக்கிறது, புதியவர்களுக்கு மைக் அமைத்துக் கொடுக்கும் வேலை இருக்கிறது. ஓசூர் அண்ணனுக்கு ஒரு கை வேண்டும். சர்வர் கடவுச்சொல் அவர் ஒருவரிடம் மட்டும் இருப்பது நல்லதல்ல, அவர் ஊருக்குப் போனால் குழுவே முடங்கும். அக்கா கூப்பிடும்போது முடியாது என்றால் முடியாது என்றே சொல்லிவிடுங்கள். ‘பார்க்கலாம்’ என்ற சொல் அவருக்கு இன்னும் மூன்று அழைப்புகளைக் கூட்டுகிறது.

வரும் புதன்கிழமை இரவு எட்டு மணிக்கு முதல் வகுப்பு, கிளியரன்ஸ் மேசை. ஒரு ஹெட்செட்டும் ஒரு நோட்டும் பென்சிலும் போதும். ஊத்தங்கரைப் பையன் அடுத்த சனிக்கிழமை மீண்டும் வருவதாகச் சொல்லியிருக்கிறான். ஒன்பது மணிக்குப் பெங்களூரு நிறுத்துமிடத்திலிருந்து கூப்பிடுவான். அட்டவணையில் அந்த மேசைக்கு நேரே இந்த நிமிடம் வரை யார் பெயரும் இல்லை.

அன்புடன்,
பயிற்சிப் பொறுப்பாளர்,
காவேரிப்பட்டினம்